ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் பத்தடிச் சுவர்

உடைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். தில்லியில் ஓர் அரசுப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடங்களாக டெக்னீஷியன். பல ஊர்களிலிருந்து வரும் சிமெண்டை மணலோடு கலந்து, உள்ளங்கையில் அடங்கும் கட்டிகளாக வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்போம். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று எடுத்து, ஈரம் துடைத்து, இயந்திரத்தின் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து நசுக்குவேன். 'டப்' என்று சத்தம் வரும்போது திரையில் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்வேன். அது எந்த ஊர்ச் சிமெண்ட், எந்தச் சுவருக்குப் போகப்போகிறது என்று கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை.

தீபாவளிக்குச் சில நாட்கள் இருக்கும்போது ஒரு தொகுதிக் கட்டிகள் வந்தன. வழக்கமான சாம்பல் நிறத்தில் லேசாக ரோஜா சாயல். யாரோ மண் விழுந்த மணலைப் போட்டு வார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அரை நிமிடத்தில் நொறுங்கிவிடும் என்று எதிர்பார்த்து இயந்திரத்தில் வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. வழக்கமான கட்டி உடைகிற இடத்தையும் தாண்டி ஏறியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வைப்பதற்கு முன் இயந்திரத்தில் ஏதாவது கோளாறா என்று தகடுகளைத் துடைத்துப் பார்த்தேன். கோளாறில்லை.

எங்கள் பிரிவு அதிகாரியிடம் போய்க் கேட்டேன். "சார், இது என்ன சிமெண்ட்?"

"பாதிதான் சிமெண்ட்" என்றார். "மீதியில் பெரும்பங்கு சுட்ட களிமண். கொஞ்சம் சுண்ணாம்புக்கல் பொடி, அது சுடாதது."

இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்ட முதல் கேள்வி என்பதாலோ என்னவோ, அவர் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். சிமெண்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லைப் பெரும் சூட்டில் எரிக்கிறார்கள். எரிக்கும் நிலக்கரியின் புகை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கல்லுக்குள்ளேயே அடைந்திருக்கும் கரியமிலவாயு சூட்டில் கழன்று வெளியே போய்விடுகிறது. எவ்வளவு நல்ல அடுப்பு வைத்தாலும் அதைத் தடுக்க முடியாது. ஏனென்றால் அது கல்லின் உடம்பிலிருந்தே வருகிறது. களிமண்ணைச் சுட்டால் வெளியேறுவது தண்ணீர்தான். சூடும் குறைவாகப் போதும். அதனால் சிமெண்டில் ஒரு பங்கை எடுத்துவிட்டுச் சுட்ட களிமண்ணைப் போட்டால் அந்த அளவுக்கு வாயு மிச்சம்.

"அது சரி சார், ஆனால் மண் எப்படி ஒட்டுகிறது?"

"சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது கொஞ்சம் சுண்ணாம்பை மிச்சம் விடும். அந்த மிச்சத்தைச் சுட்ட களிமண் தின்று இன்னும் கொஞ்சம் பசை செய்யும். மெதுவாகச் செய்யும். ஆனால் செய்யும்."

தின்று என்றுதான் சொன்னார். மெட்ரோவில் மயூர் விஹார் வீட்டுக்குத் திரும்பும்வரை அந்தச் சொல் மண்டைக்குள் ஓடியது. யமுனையைத் தாண்டும்போது தெரியும் தூண்களையும் பாலங்களையும் அன்றைக்குத்தான் பார்ப்பவள்போலப் பார்த்தேன்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் சுற்றுச்சுவருக்கு ஒரு தீராத நோய் உண்டு. ஆற்றோரத்து நிலம், தரையிலிருந்து உப்பு ஏறும். சுவரின் அடிப்பகுதி மூன்றடி உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்து, பூச்சு அப்பளம்போல எழும்பி, பாளம் பாளமாக விழும். இரண்டு வருடத்துக்கொரு முறை சிமெண்டை இன்னும் அதிகமாகப் போட்டுப் பூசுவார்கள். இன்னும் பெரிய பாளமாக விழும். அந்த வருடமும் பூச்சு வேலை தொடங்கி நான்கு நாட்கள் நடந்தது. தீபாவளி முடிந்ததும் காற்று கெட்டது. ஊர் முழுவதும் கட்டட வேலைக்குத் தடை வந்தது. சாரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள்.

பாதி உரிந்து பாதி பூசி நின்ற அந்தச் சுவரைத் தினமும் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். ஒரு சனிக்கிழமை காலையில் சங்கச் செயலாளரைப் பிடித்தேன். அவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கம்.

"சார், தடை நீங்கினதுக்கப்புறம் எனக்கு ஒரு பத்தடி சுவர் குடுப்பீங்ளா?"

"இன்னாம்மா, சுவர வச்சிக்கினு இன்னா பண்ணப்போற?"

சொன்னேன். சுட்ட களிமண் கலந்த பூச்சு உப்பைத் தாங்குகிறதா என்று பார்க்கும் என் திட்டத்தை அவர் மீசையைத் தடவிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"நல்லா கீது. செங்கல் பொடிய கலந்து பூசி, அது உதுந்தா ஜெனரல் பாடி மீட்டிங்ல என்னத்தானே கேப்பாங்க? ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால ஒரு பத்தடி கீது. அங்க யாரும் வர்றதில்ல. அத எடுத்துக்க. ஆனா தடை போற வரைக்கும் ஒரு கரண்டி கலவைகூட சுவர்ல படக்கூடாது, சொல்லிட்டேன்."

சுவரில் படக்கூடாது, சரி. பால்கனியில் கட்டி வார்க்க யாரும் தடை போடவில்லை.

களிமண்ணுக்கு நான் கண்டுபிடித்த வழி தேநீர்க் கடை. மெட்ரோ வாசலில் மண் கோப்பையில் டீ கொடுக்கும் கடை ஒன்று உண்டு. குடித்த பின் எல்லோரும் டிரம்மில் வீசுவார்கள். இரண்டு சாக்கு உடைந்த கோப்பைகளை ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தோம். கழுவிக் காயவைத்து உடைத்தாயிற்று. ஆனால் மாவாக வேண்டுமே. மாவு மில்காரரிடம் கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் கையெடுத்துக் கும்பிட்டார். மிக்ஸியின் பிளேடு இரண்டாவது சுற்றில் கதறியது.

சமையலறை மூலையில் பழைய கிரைண்டர் ஒன்று கிடந்தது. கல்யாணமான புதிதில் கோயமுத்தூரிலிருந்து ரயிலில் வந்தது. புதிது வாங்கிய பிறகு யாரும் அதைத் தொடவில்லை. நான் துண்டுகளைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிச் சுவிட்சைப் போட்டேன். வந்த சத்தத்தில் என் கணவர் செய்தித்தாளோடு ஓடிவந்தார்.

"ஏம்புள்ள, என்ற அம்மா வாங்கிக் குடுத்த கிரைண்டருல ஓட்டாஞ்சல்லிய போட்டு ஆட்டறயா?"

"சும்மாதானுங்க கெடக்குது."

"சும்மா கெடந்தா?" அவர் குனிந்து பார்த்தார். சிவப்பாக, தக்காளிச் சட்னி மாதிரி சுழன்றது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "இன்னும் சித்த தண்ணி ஊத்தோணும். கல்லு முட்டுது பாரு" என்றார். அதன் பிறகு அந்தக் கிரைண்டர் அவர் பொறுப்பானது. தண்ணீரோடு அரைத்ததில் ஒரு நன்மை, தூசி பறக்கவில்லை. விழுதைத் துணியில் வடிகட்டி, மாடி வெயிலில் உலர்த்தினால் கையில் ஒட்டுகிற மாவு கிடைத்தது.

சுண்ணாம்புக்கல் பொடி எளிது, மார்பிளும் ஒரு சுண்ணாம்புக்கல்தான். சாலையோரம் மார்பிள் அறுக்கும் கடைகளில் ரம்பத்துக்கு அடியில் வெள்ளைச் சேறு தேங்கி நிற்கும். யாராவது அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். சிமெண்டுக்குச் சங்கத்தின் ஸ்டோர் அறையில் பிரித்த மூட்டை இருந்தது. பாதி சிமெண்ட், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கோப்பை மாவு, மீதி மார்பிள் பொடி. இந்தக் கலவையில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு மணல். அச்சுக்கு, தீபாவளிக்கு வந்து யாரும் தின்னாத சோன்பப்டி டப்பாக்கள். வார்த்து, ஈரச் சாக்கு போட்டு மூடி, பால்கனியில் வரிசையாக வைத்தேன். எனக்கு நானே ஒரு பரிசோதனைக்கூடம் திறந்துவிட்டதுபோல இருந்தது.

தடை நீண்டது. சுவர் வேலைக்கு வந்த ஆட்களில் சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள். போகாதவர்கள் கிடைத்த வேலையைச் செய்தார்கள். அப்படித்தான் சித்தாளாக இருந்த ஒருத்தி எங்கள் மாடிப்படி கழுவ வந்தாள். புந்தேல்கண்ட் பக்கம். கணவர் மிஸ்திரி, அதாவது கொத்தனார், அதே சுவரில் பூச்சு பூசியவர். இவள் கலவை குழைத்து இரும்புச் சட்டியில் தலையில் சுமந்து கொடுத்தவள். வயது கேட்டபோது என் வயதுக்கு ஒன்றிரண்டு குறைவு என்று தெரிந்தது. அவள் பேசியது அவள் ஊர் இந்தி, என்னைத் தீதி, அதாவது அக்கா, என்பாள். எனக்கு நினைவிருக்கிறபடி தமிழில் எழுதுகிறேன்.

கதவு திறந்திருந்தது. வாளியோடு நின்றவள் பால்கனியைப் பார்த்தாள்.

"தீதி, பர்ஃபி வியாபாரம் ஆரம்பிச்சிருக்கீங்களா?"

"பர்ஃபி இல்லை, மசாலா." இங்கே கலவைக்கு மசாலா என்றுதான் பெயர். வந்த புதிதில் 'மசாலா போடு' என்று கொத்தனார் கத்துவதைக் கேட்டு நான் சிரித்ததுண்டு.

"சிவப்பு மசாலாவா?" வாளியை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். குந்தி உட்கார்ந்து, ஒரு டப்பாவில் கட்டை விரல் நகத்தால் கீறினாள். நகத்தில் சிவப்புப் பொடி வந்தது. "எப்போ போட்டீங்க?"

"ஐந்து நாள் ஆச்சு."

"அஞ்சு நாளா? இது இன்னும் பச்சையா இருக்கு தீதி. அஞ்சு நாள்ல நகம் வழுக்கணும்."

குளிர் என்றேன். குளிரில் மெதுவாகத்தான் இறுகும். அவள் தலையசைத்தாள், ஒப்புக்கொண்ட தலையசைப்பு இல்லை அது. படி கழுவிவிட்டுப் போனாள். ஏழாம் நாள் மறுபடி வந்து கீறினாள். பத்தாம் நாளும். அந்தப் பத்தாம் நாள் ஒரு கட்டியை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தாள். பிஸ்கட் மாதிரி ஒடிந்தது.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அலுவலகத்தில் உடைந்தால் எண் எழுதுவேன். இங்கே ஒடிந்த இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன்.

"எந்த சிமெண்ட் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"நீங்கள் சுவருக்குப் போட்டதேதான். ஸ்டோரில் இருந்தது."

"அடடா, அது ராக்வாலா சிமெண்ட். சாம்பல் போட்டது. குழைக்கும்போதே தெரியும், வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகும். அது எப்பவும் சோம்பேறி. அதுல போய் இன்னும் மண்ணைக் கலந்தா அது என்ன செய்யும்?"

நான் படியிறங்கி ஸ்டோர் அறைக்கு ஓடினேன். மூட்டையில் தெளிவாக அச்சிட்டிருந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட். வீட்டு வேலைக்குக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். அதில் ஏற்கெனவே ஒரு பங்கைச் சாம்பல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதிலும் பாதியை நான் எடுத்துவிட்டேன். சிமெண்ட் மிச்சம் விடும் சுண்ணாம்பைத் தின்ன சாம்பலும் களிமண்ணுமாக இரண்டு பேர் காத்திருந்தார்கள், பரிமாறுவதற்குத்தான் ஆளில்லை. இருபத்திரண்டு வருடமாக மூட்டையில் எந்த வகை என்று படிப்பது என் வேலையின் முதல் வரி. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி கைப்பதத்தில் அதைச் சொல்லிவிட்டாள்.

"ஜெயிச்சுட்டா போ" என்றார் என் கணவர், அன்றைக்குச் சாப்பிடும்போது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட இன்னொன்று அதிகமாக இருந்தது. இவளுக்கு இன்னும் என்னென்ன தெரியும்?

அடுத்த வாரம் அவளையே கூப்பிட்டேன், நாள் கூலிக்கு. படி கழுவ இல்லை. சாம்பல் கலக்காத சிமெண்டைக் கடைக்காரர் கிடங்கிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். என் கோப்பைத் துண்டுகளை அவள் கொட்டிப் பிரித்தாள். கருஞ்சிவப்பாக, தட்டினால் கணீரென்று ஒலிப்பவற்றை ஒதுக்கினாள்.

"இது ரொம்ப வெந்துபோச்சு. அரைக்கவே வராது. பீலா செங்கல் பார்த்திருக்கீங்களா? சரியா வேகாம மஞ்சளா இருக்குமே, அதை மிஸ்திரி தூக்கிப் போட்டுடுவார். அது விரல்லயே மாவாகும். அதைக் கொண்டுவரட்டுமா?"

வேகாத செங்கல் எப்படி உதவும் என்று எனக்குச் சந்தேகம். திங்கட்கிழமை அதிகாரியிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யார் சொன்னது? சரியாகச் சொல்லியிருக்கிறார். அளவாகச் சுட்ட மண்தான் பசியோடு இருக்கும். அதிகம் சுட்டால் கண்ணாடி மாதிரி மூடிக்கொள்ளும். ஆனால் பச்சை மண்ணாகவே இருந்தாலும் உபயோகமில்லை. நடுவில் ஒரு பதம்."

இதை அவளிடம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு. "அரைக்க லேசா இருக்கும்னுதான் சொன்னேன். பசி கிசி எல்லாம் எனக்கென்ன தெரியும்?" பிறகு தானே யோசித்து, "ரொட்டி மாதிரி சொல்லுங்க. கருகினாலும் ஆகாது, மாவா இருந்தாலும் ஆகாது" என்றாள்.

செங்கல் சூளையில் தள்ளிய பீலா செங்கல்லும் வெளிறிய கோப்பைகளுமாக என் கணவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டினார். அவள் கலந்தாள். நான் தராசில் நிறுத்துக் கொடுத்தேன். தண்ணீர் விடும்போதுதான் சண்டை வந்தது. நான் அளவுக் குவளையோடு நின்றேன். "போதும்" என்றேன். "போதாது" என்றாள். "இந்த மண் தண்ணி குடிக்குது. பாருங்க, மேலே பளபளப்பே வரல." தண்ணீர் கூடினால் வலு குறையும் என்பது எங்கள் கூடத்தில் பாலபாடம். கடைசியில் பாதிக் கட்டிகள் என் அளவில், பாதி அவள் கையளவில். என் அளவில் வார்த்தவை அச்சை விட்டு எடுத்தபோது தேன்கூடு மாதிரி ஓட்டையாக இருந்தன. அவளுடையவை வழவழவென்று வந்தன. அதற்காக அவள் சொன்னதும் முழுச் சரியில்லை. அவள் கட்டிகளில் இரண்டு காயும்போது விரிசல் விட்டன. மூன்றாம் முறை இருவரும் நடுவில் ஓர் அளவுக்கு வந்தோம்.

தொடர்ந்து ஈரமாக வைத்திருந்தோம். தை மாத வெயில் வந்தது. ஏழாம் நாள் அவள் நகம் வழுக்கியது. சொந்தக் கட்டிகளை அலுவலக இயந்திரத்தில் உடைக்கக் கூடாது. கேட்டும் பார்த்தேன், அதிகாரி மறுத்துவிட்டார், அது நியாயமும்கூட. ஆகவே வீட்டிலேயே சோதனை. இரண்டு செங்கல்லுக்கு நடுவில் பாலம்போல ஒரு கட்டியை வைத்து, என் கணவரை ஏறி நிற்கச் சொன்னோம்.

"உடஞ்சு உளுந்தா என்ற இடுப்புக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டுக்கொண்டே கதவைப் பிடித்து ஏறினார். எண்பது கிலோ. அரையடி உயரத்தில் நின்று இரண்டு கையையும் விரித்தார். கட்டி நின்றது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தடை நீங்கி ஆட்கள் திரும்பினார்கள். மிஸ்திரியிடம் என் பத்தடியைப் பூசச் சொன்னேன். அவர் கலவையை விரலில் எடுத்து மோந்து பார்த்தார்.

"மேடம்ஜி, தப்பா நினைக்காதீங்க. நான் பூசின சுவர் உதிர்ந்தா 'யார் பூசினது' என்றுதான் கேட்பாங்க, 'யார் கலந்தது' என்று கேட்க மாட்டாங்க. நான் என் பக்கத்தை என் மாதிரி முடிக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சுவரின் நீண்ட பக்கத்துக்கு நடந்து போனார். அங்கே அவருக்கு வேறு ஒரு ஆள் கலவை சுமந்தான். குழைத்த சிவப்பு மசாலா சட்டியில் காத்திருந்தது. விட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வீணாகிவிடும். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அவள் சேலையைச் செருகிக்கொண்டாள். சாரத்தில் கிடந்த கரண்டியை எடுத்தாள்.

"உனக்குப் பூசத் தெரியுமா?"

"இருபது வருஷமா கீழே நின்னு பாக்கறேன். தெரியுமா தெரியாதான்னு சுவர்தான் சொல்லணும்."

முதல் வீச்சு சுவரில் ஒட்டாமல் காலடியில் விழுந்தது. இரண்டாவதும். அவள் நின்று யோசித்தாள். குடத்துத் தண்ணீரைக் கையால் அள்ளிச் சுவரில் நன்றாக அடித்து, அது உறிஞ்சுவதைப் பார்த்திருந்துவிட்டு, மூன்றாவதை வீசினாள். ஒட்டியது. பிறகு அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மட்டப்பலகையால் இழுத்தபோது மேலும் கீழும் அலைபோல இருந்தது. மறுபடி நிரப்பி மறுபடி இழுத்தாள். மத்தியானத்துக்குள் நான்கடி முடிந்தது. செயலாளர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இவ எதுக்கு கரண்டி புடிச்சிக்கினு கீறா? மிஸ்திரி எங்க?"

"இந்தப் பத்தடிக்கு இவதானுங்க மிஸ்திரி" என்றேன்.

அவர் சுவரில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தார், துப்பாக்கி குறி பார்ப்பவர் மாதிரி. "கொஞ்சம் வளஞ்சிகீது" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது தோட்டக்காரரிடம், அந்தச் சுவருக்கு இரண்டு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் பிடிக்கச் சொன்னார். சாக்கு போட்டு மூடி ஈரமாகவே வைத்தோம். இரண்டு நாள் தோட்டக்காரர் மறந்தபோது அவளே வந்து ஊற்றியிருக்கிறாள். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மழைக்காலம் வந்தது. அலுவலகத்திலிருந்து வந்ததும் குடையோடு ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போவது எனக்குப் பழக்கமானது. மழை நின்று சுவர் காயத் தொடங்கியபோது உப்பு வந்தது. எங்கள் பத்தடியிலும் வந்தது. வெள்ளையாக, பஞ்சு மாதிரி. குடையை மடக்கிவிட்டுக் குனிந்தேன். விரலால் தொட்டேன், துடைத்தால் போயிற்று. அடியில் பூச்சு எழும்பவில்லை. நாணயத்தால் தட்டிக்கொண்டே நடந்தேன். எங்கும் கெட்டியான ஓசை. இடது கோடியில் ஒரு கையகல இடத்தில் மட்டும் பொக்கென்று கேட்டது. அங்கே பூச்சு உதிர்ந்தது. முதல் இரண்டு வீச்சு ஒட்டாமல் விழுந்த இடம், அவள் அடித்த தண்ணீர் அந்த ஓரத்துக்குப் போதவில்லைபோல. மிஸ்திரி பூசிய பெரிய சுவரில் புதுப் பூச்சு மூன்று இடங்களில் அப்பளமாக எழும்பியிருந்தது. எங்களுடையது இன்னும் பொறுத்துக்கொண்டிருந்தது.

ஒரே மழைக்காலத்தை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. உப்பை எங்கள் கலவை நிறுத்தியதா, அல்லது மெதுவாக வழிவிட்டதா, அல்லது அந்த மூலையில் ஈரமே குறைவா? மூன்றில் எது என்று அடுத்த மழைதான் காட்ட வேண்டும். இதையெல்லாம் செயலாளரிடம் அப்படியே சொன்னேன். சங்கக் கூட்டத்தில் அவர், "அந்தம்மா தெரியாததத் தெரியாதுன்னு சொல்றாங்க. அதனாலயே இன்னொரு முப்பதடி குடுக்கலாம்னு தோணுது" என்றார். ஒருவர் மட்டும் சிவப்பு நிறம் பிடிக்கவில்லை என்றார். மேலே சுண்ணாம்பு அடித்தால் போயிற்று.

அந்த முப்பதடிக்கு அவளைத் தேடியபோது அவள் ஊரில் இருந்தாள். தம்பி மகள் கல்யாணம். மிஸ்திரிதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி, "வந்ததும் அனுப்பறேன். அவள் கை சேர்ந்தாத்தான் அந்த மசாலா சரியா வரும்" என்றார். அவர் வாயிலிருந்து அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அவளிடமிருந்து வீடியோ அழைப்பு. பின்னால் வெயில், கல்யாணப் பாட்டு, யாரோ ஆடு விரட்டும் சத்தம். கையில் ஒரு வெள்ளை மண்ணாங்கட்டி.

"தீதி, இதைப் பாருங்க. சூயி மிட்டி. வீட்டுக்கு வெள்ளையடிக்க எங்க குன்றுல வெட்டுவோம். செங்கல் மண்ணுக்கே அவ்வளவு பசின்னா, இதைச் சுட்டா என்ன ஆகும்?"

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அதிகாரி உறையில் போட்ட படத்தில், இதற்கெல்லாம் மிகவும் ஏற்றது வெளுத்த களிமண்தான் என்று ஓர் ஓரத்தில் எழுதியிருந்தார். நான் அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"எதனால் அப்படித் தோன்றியது?"

"அடிக்கும்போது கைத்தோலை இழுக்கும் தீதி. செங்கல் மண்ணு அப்படி இழுக்காது. இதுல வேற ஏதோ இருக்கு."

"ஒரு பை கொண்டுவா. அதிகம் வேண்டாம்."

அவள் கொண்டுவந்தது இரண்டு பை. மேற்கு தில்லியில் பானை செய்பவர்கள் குடியிருக்கும் தெருவுக்கு இரண்டு பேரும் மெட்ரோவில் போனோம். பையில் இருப்பது மண் என்று பாதுகாப்புச் சோதனையில் யாரும் நம்பவில்லை. அவள் ஒரு துண்டைக் கடித்துக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். குயவர் ஒருவர் எங்கள் மண்ணை ஒரு பானையில் போட்டு மூடி, தன் சூளையின் நடுவில் வைக்கச் சம்மதித்தார். இரண்டாம் வாரம் போய் எடுத்தோம். வெள்ளை மண் மெல்லிய ரோஜா நிறமாகியிருந்தது. நாக்கில் வைத்தால் ஒட்டியது.

அதே அளவில் கலந்து வார்த்தோம். தண்ணீர் இன்னும் அதிகம் கேட்டது. இந்த முறை நான் குவளையை அவளிடமே கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் வந்தாள். டப்பாவைத் திறந்து நகத்தை வைத்து இழுத்தாள். வழுக்கியது. நானும் இழுத்தேன். எனக்கும் வழுக்கியது. செங்கல் மாவுக்கு ஏழு நாளானது இதற்கு மூன்றில் வந்துவிட்டது.

"ஏன்?" என்றாள்.

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். இந்த மண்ணின் துகள் தாள் அடுக்கியது மாதிரி இருக்கும், சுடும்போது அடுக்குக்குள் இருக்கும் தண்ணீர் போய் அடுக்கு குலைந்துவிடும், குலைந்த மண் எதையாவது பிடித்துக்கொள்ளத் துடிக்கும் என்று. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்போ எங்க ஊர்ல எல்லாரும் இதைச் சுடாம சுவர்ல சும்மா பூசிட்டு, சிமெண்ட் மூட்டைக்கு டிராக்டர் வரும்னு காத்திருக்காங்களே, ஏன்?"

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டாள்.

"குன்றுல எடுத்துக்கிட்டே போனா மண் தீர்ந்துடாதா? சூளைக்கு விறகு யாருது? நம்ம சாணி வறட்டில அந்தச் சூடு வருமா?"

வறட்டிச் சூட்டில் பானை வேகும் என்பது மட்டும் தெரியும். அவள் டப்பாவை மூடிச் சாக்கை நனைத்துப் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை அந்தக் குயவர்கிட்ட போய்க் கேட்போமா?" என்றாள். என் கணவர் உள்ளேயிருந்து, தானும் வருவதாகக் குரல் கொடுத்தார். மூன்று பேருக்கும் வசதியாக, பத்து மணிக்கு மெட்ரோ வாசல் என்று முடிவானது.